மூன்று கொட்டாங்குச்சி மண்

1

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வியாழக்கிழமை வெளியே போய்ப் படிக்கும் நாள். கம்பளி உள்ளாடை, மழைக்கோட்டு, ஈரத்தில் உட்கார ஒரு சின்னப் பாய், மதியத்துக்கு ரொட்டி, ஒரு கத்தி இவற்றைக் கொடுத்தனுப்பவும்.

நான் நார்வேக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்த ஊர் வரி அலுவலகம் அனுப்பும் கடிதங்களைக்கூட ஒரே மூச்சில் வாசித்துவிடுவேன். புரிந்துகொள்வதற்குத்தான் மூச்சு போதாது. எனவே கத்தி என்று எனக்குப் பட்டது வேறு ஏதாவதாக இருக்கும் என்று மகளிடம் கேட்டேன். கயலுக்குப் பன்னிரண்டு வயது. பெயர்ச்சொற்களைத் தமிழிலும் வினைச்சொற்களை நார்வே மொழியிலும் பேசுவாள். கோபம் வந்தால் தமிழுக்கு முழு விடுமுறை.

"கத்திதாம்பா. குச்சி சீவறதுக்கு" என்றாள், ஜன்னலுக்கு வெளியே மழை என்று சொல்வது போல.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கத்தி கொண்டுபோனால் மறுநாள் அப்பாவோடுதான் போக வேண்டும். இங்கே கொண்டுபோகாவிட்டால்தான் அப்பாவைக் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. செய்தியைப் படித்தேன் என்பதற்கு அடையாளமாகக் கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அன்று மாலையே நன்றி தெரிவித்து இன்னொரு செய்தி வந்தது. பிள்ளைகளோடு நடக்க ஒரு பெற்றோர் தேவை என்று அடியில் எழுதியிருந்ததாம். அந்தக் கட்டைவிரல் 'நான் வருகிறேன்' என்பதற்கான பொத்தானாம். பிறகு வரிசையாக ஒப்புதல்கள். கயலைப் படம் எடுக்கலாமா? கயல் கடலில் இறங்கலாமா? கயலின் அப்பாவுக்கு எந்த உணவாவது ஒவ்வாதா? கடைசிக் கேள்விக்கு 'ரொட்டி' என்று எழுதலாமா என்று யோசித்து, இல்லை என்று அழுத்தினேன்.

"நீ வந்து பேசுவியா?" என்று கயல் கேட்டாள். பேசக் கூடாது என்பதற்கான வேண்டுகோள் அது. "கம்முனு வர்றேன்" என்றேன். "கம்முனு-ன்னா?" என்றாள். நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி இப்படித்தான் அகராதி வேலையாகப் போய்விடுகிறது.

2

பெர்கன் நகரத்தில் மழை பெய்யாத நாளைத்தான் செய்தியில் சொல்வார்கள். அந்த வியாழக்கிழமை அப்படிச் செய்தியாகக்கூடிய நாள் அல்ல. பிள்ளைகள் குன்றின் மேல் ஏறி, கூரை போன ஒரு பழைய கல்வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஆடு கட்டினார்களா, ஆட்கள் இருந்தார்களா என்று சண்டை போட்டார்கள். திரும்பி வந்து பள்ளித் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினார்கள். கயல் முழங்கால் வரை சேறு. ஒவ்வொரு கிழங்கும் வெளியே வரும்போது, அதற்கு முன் உலகத்தில் கிழங்கே கிடையாது என்பது போல ஒரு கூச்சல்.

என்னைப் போலவே துணைக்கு வந்திருந்த இன்னொரு அப்பா லார்ஸ். வங்கியில் பெரிய வேலை. இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டே, "இதுதான் உண்மையான படிப்பு. பிள்ளைகளின் கையில் மண் ஒட்ட வேண்டும், இல்லையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். நான் இந்த நாட்டில் தங்கியிருப்பதே அநேகமாகத் தலையாட்டித்தான்.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு நேர் எதிரான வாக்கியத்தை இன்னொரு அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பேருந்தில் திரும்பும்போது கயல், "உங்க ஸ்கூல்ல இதெல்லாம் இருந்திச்சா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் தானாக ஒன்று கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. உண்டு என்றேன். நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்களாவது அந்தப் பக்கத்து ஆட்கள்.

3

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குச் சற்றுக் கிழக்கே. வகுப்பு ஜன்னலில் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அந்த மலையில் பெய்கிற மழை அடிவாரத்தில் கோமுகி அணையில் தேங்கி, எங்கள் கரும்புக்கு வரும். நடந்தே போகிற தூரம்தான். ஆனால் பாடப் புத்தகத்தில் மேட்டூர் அணைதான் இருந்தது. அதனால் அணை என்றால் மேட்டூர் என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, கோமுகியை ஒருதரம்கூடப் பார்க்காமல் நானும் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேரும் எட்டாவது வந்திருந்தோம்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. ஒரு வாரம் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். சின்னசேலத்துக்கு பஸ் இல்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதாகப் பேச்சு. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்று அறிவிக்க வேண்டியவர் தலைமையாசிரியர். அவர் கள்ளக்குறிச்சியில் இருந்தார். அங்கிருந்து வந்து விடுமுறை என்று அறிவிக்க அவருக்கு பஸ் இல்லை. ஆக, மூட ஆள் இல்லாத காரணத்தால் எங்கள் பள்ளிக்கூடம் திறந்திருந்தது.

ஊரிலேயே தங்கியிருந்த ஒரே ஆசிரியர் சுசீலா டீச்சர். திருநெல்வேலிப் பக்கம். தபால் ஆபீஸ் மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். எங்களுக்கு வரலாறும் புவியியலும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வராத அந்த வாரம் ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்றுக்கும் எல்லாப் பாடமும் அவரே. ஒரே அறையில் எங்களை அடைத்துவைத்துப் பார்த்தார். அரை நாளில் அவர் தொண்டை போயிற்று. "ஏல, எல்லாரும் வெளிய வாங்க" என்று, பள்ளிக்குப் பின்னால் அவர் ஏற்கெனவே தொடங்கி வைத்திருந்த தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அடிபம்புக்குப் பக்கத்துப் பாத்திகளில் கத்தரி நன்றாக வந்திருந்தது. தள்ளியிருந்த பாத்திகளில் ஒன்று சேறாக நின்றது, ஒன்று காலையில் ஊற்றினால் மாலைக்குள் வெடித்தது. அதே விதை, அதே தண்ணீர். ஏன்? டீச்சருக்கும் தெரியவில்லை. மண்ணை வெட்டிப் புரட்டிப் பார்க்கலாம் என்றார். நாங்கள் வெட்டினோம். நாங்கள் என்றால், என்னைப் போன்ற நிலக்காரர் வீட்டுப் பையன்கள் மம்முட்டியைத் தூக்கி, அது போகிற திசைக்கு நாமும் போய் விழுவது. என் எடைக்கு அது தனிக் காட்சி.

அஞ்சலை என்றொரு பெண் எங்கள் வகுப்பில். காலனியிலிருந்து வருகிறவள். அவள் அப்பா முனுசாமி எங்கள் கொல்லையிலும் மற்றவர் கொல்லையிலும் கூலி வேலை பார்ப்பவர். அவள் மம்முட்டியை வாங்கினாள், பாத்தியை நூல் பிடித்தது போல வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நாளும் மம்முட்டி அவளிடம். அதற்கடுத்த நாளும். "அஞ்சலை வெட்டுற மாதிரி வெட்டுங்கல" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

அந்தப் பாராட்டு காலனிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முனுசாமி வந்தார். தோட்டத்துக்குள் வராமல் வேலிக்கு வெளியே நின்று, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"டீச்சரம்மா, எங்க வூட்ல மம்முட்டி இருக்குதுங்க. புஸ்தகம்தான் இல்ல. அதுக்குத்தான் இங்க அனுப்பறோம். இங்க வந்தும் மம்முட்டிதான் புடிக்கப்போவுதுன்னா, அத கொல்லையிலயே புடிக்கட்டும். கூலியாவது வரும்."

"இது பாடம்ங்க. செடி எப்படி வளருதுன்னு..."

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா? பொழுதன்னிக்கும் அதுகூடத்தான பொழைக்கறோம். கை காப்பு காய்ச்சா யாரு கட்டிக்குவான்னு எம் பொண்டாட்டி கேக்கறா. நாளையிலேர்ந்து அது வராதுங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அஞ்சலை மம்முட்டியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு டீச்சரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, சேறாக நின்ற பாத்தியைப் பார்த்தாள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அது ஏன்னு இன்னும் கண்டுபுடிக்கலப்பா."

டீச்சர் வேலிப் பக்கம் வந்தார். அவர் சொல்லக்கூடிய பதில் எதுவும் முனுசாமியின் கணக்கை மாற்றாது என்று எங்களுக்கே தெரிந்தது. பிறகு சொன்னார்: "நாளைக்கு வாய்க்கால் வழியா அணை வரைக்கும் நடக்கோம். நீங்களும் வாங்க. கூடவே இருந்து பாருங்க. இது பாடம் இல்லன்னு தோணிச்சுன்னா பிள்ளைய நிறுத்திருங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"வர்றேன்" என்றார் முனுசாமி. "எனக்கு இன்னா வேல கெடக்குது? கரும்பு ஏத்தற லாரியே ஓடல."

4

அணை இன்னும் திறக்கவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அதனால் அதன் கரையில் நடக்காமல் அதற்குள்ளேயே இறங்கி நடந்தோம். தண்ணீர் வரும் வழியில் எதிர்த்திசையில் போவது சாதாரண விஷயம்தான். ஆனால் ஊர் வரப்பெல்லாம் தலைக்கு மேலே தெரிய, தெரிந்த ஊரையே மீன் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனோம்.

திட்டம் இதுதான். வாய்க்காலின் கடைசியில் எங்கள் ஊர் மண் ஒரு கொட்டாங்குச்சி, நடுவழியில் ஒரு கொட்டாங்குச்சி, அணையின் அடியில் ஒரு கொட்டாங்குச்சி. பாத்திகளின் சிக்கலுக்கு மண்தான் காரணமா என்று அறிய, திரும்பி வந்து எதில் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பது. மண் எடுக்க மம்முட்டி வேண்டும். அஞ்சலை வழக்கம்போல அதைத் தோளில் வைத்தாள். முனுசாமி அதை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். மகளுக்குக் கொட்டாங்குச்சிகள் மிஞ்சின.

நடக்கும்போது டீச்சர் ஒரு விதி வைத்தார். நிற்கிற இடத்தில் எல்லாரும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் சொல்லக் கூடாது.

முதலில் ஒரு நடுகல். கரையில் பாதி புதைந்து, கையில் வாளும் காலடியில் நாயுமாக ஓர் ஆள். நாங்கள் தினம் மாடு ஓட்டிப் போகிற வழி. ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

"டீச்சர், இவரு மூக்க யாரு ஒடச்சது?"

"இது சாமியா, ஆளா?"

"நாய் யாரு வூட்டுது?"

எல்லாவற்றுக்கும் டீச்சர், "தெரியாது, எழுதிக்கோங்க" என்றார். தெரியாது என்று சொல்கிற ஆசிரியரை அதுவரை நாங்கள் கண்டதில்லை. மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியாத கேள்வியைக் கேட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். உயரத்திலிருந்து பார்த்தாலாவது பதில் தெரியட்டும் என்றோ என்னவோ.

முனுசாமி பின்னாலிருந்து மகளிடம், எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்: "தெரியாதுன்றதுக்குமா சம்பளம் குடுக்கறாங்க?"

டீச்சர் திரும்பாமலே, "இந்த மாசம் அதுவும் இன்னும் வரலைங்க" என்றார்.

நடுவழியில் வண்டல் எடுத்தோம். முனுசாமி ஒரே வெட்டில் கட்டியாகப் பெயர்த்துக் கொடுத்தார். அதற்கு மேல் ஓர் அக்கறையும் காட்டவில்லை. அணைக்கு வந்தபோது வெயில் உச்சியில். மலை அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னலில் நீலமாகத் தெரிந்தது இங்கே பச்சையாகவும் பாறையாகவும் இருந்தது. அதுவே பாதிப் பேருக்கு ஒரு கேள்வியாகிவிட்டது. மேலே இருக்கிறவர்களுக்கு நாம் நீலமாகத் தெரிவோமா என்று ஆறாவது படிக்கிற ஒருத்தி கேட்டாள். தெரியாது, எழுதிக்கோ.

கரையில் உட்கார்ந்து அவரவர் கட்டுச்சோற்றைத் தின்றோம். முனுசாமி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"டீச்சரம்மா, நானும் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அணை கட்டறதுக்கு மின்னாடி இந்தத் தண்ணிக்கு அடியில ஊரு இருந்துதா? இருந்துச்சுன்னா அவுங்கல்லாம் எங்க போனாங்க?"

டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க" என்றார்.

முனுசாமி தலையாட்டினார். அந்தத் 'தெரியல'வைக் கேலி செய்யவில்லை. மகள் பக்கம் திரும்பி, "எழுதிக்கோம்மா" என்றார்.

5

திரும்பும்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வலி. வாய்க்காலை விட்டு ரோட்டில் ஏறினால் கொஞ்சம் குறுக்கு. ஏறினோம். ஒரு திருப்பத்தில் பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் பாலத்து ஓரம் ரோட்டையே வெட்டிப் போட்டிருந்தார்கள்.

காலையில் அந்த மரத்தைக் காவல் காத்துக்கொண்டு எங்கள் தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். இப்போது ஆளே இல்லை. சீட்டுக்கட்டு மட்டும் மரத்தின் மேல் பாதி ஆட்டத்தில் கிடந்தது. காற்று துளியும் இல்லை. ஆனால் பக்கத்துக் கரும்புக் கொல்லை ஓர் இடத்தில் மட்டும் அசைந்தது.

ஏன் என்று உடனே தெரிந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு. இருவரும் சேர்ந்து எங்களைப் பார்த்தார்கள். ஒரு பெண், ஒரு மந்தைப் பிள்ளைகள். நடுவில், வெட்டிப் போட்ட ரோட்டுக்குப் பக்கத்தில், தோளில் மம்முட்டியோடு ஓர் ஆள். மம்முட்டியில் ஈர மண். ஏட்டு மரத்தைத் தாண்டி வந்து முனுசாமியின் தோளைப் பிடித்தார்.

"ரோட்ட வெட்டறியா? ஏறுடா ஜீப்புல."

"இல்லீங்க ஐயா. நான் இதுல இல்லீங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்தேங்க."

"பள்ளிக்கூடத்துக்கு மம்முட்டியோடயா?"

அந்த மறியலுக்கும் முனுசாமிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது அவர் தெருவுக்கான போராட்டமே இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கரும்புக் கொல்லைக்கும் தெரியும். கரும்புக் கொல்லை அசைவதை நிறுத்திக்கொண்டது.

டீச்சர் முன்னால் வந்து, "சார், இது ஸ்கூல்தான். நான் டீச்சர்" என்றார்.

"எந்த ஊரு நீங்க? பேச்சு இந்தப் பக்கம் இல்லையே."

"திருநெல்வேலி."

"அங்கேருந்து வந்து இங்க மறியலா? பஸ்ஸே ஓடாத வாரத்துல எங்கம்மா ஸ்கூல் நடக்குது?"

"பஸ் ஓடாததாலதான் சார் நடக்குது" என்றார் டீச்சர். உண்மைதான். ஆனால் சில உண்மைகளை போலீஸிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் கையைக் காட்டினார். ஏட்டு தள்ள ஆரம்பித்தார். முனுசாமி திமிறவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ டீச்சரோட வூட்டுக்குப் போ, ஆத்தாகிட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான், அஞ்சலையின் படிப்பு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. ஒரு மண் பாடத்துக்காக அப்பா ஜெயிலுக்குப் போன வீட்டில் யாராவது பெண்ணை மறுபடி பள்ளிக்கு அனுப்புவார்களா?

அஞ்சலை மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். ஜீப்பின் பானெட் மேல் மூன்று கொட்டாங்குச்சியையும் வரிசையாக வைத்தாள்.

"சார், இதுக்குத்தான் மம்முட்டி. இது எங்க ஊரு களிமண்ணு. இது நடுவுல எடுத்த வண்டலு. இது அணைக்கிட்ட எடுத்த செம்மண்ணு. எங்க தோட்டத்துல ஒரு பாத்தியில தண்ணி நிக்குது, ஒண்ணுல நிக்க மாட்டேங்குது. எதுல சீக்கிரம் எறங்குதுன்னு பாக்கறதுக்கு எடுத்துக்கினு போறோம். எங்கப்பா மண்ணு வெட்டிக் குடுத்தாரு. ரோட்ட வெட்டல."

வகுப்பில் எழுந்து நின்று சொல்வது போலச் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கொட்டாங்குச்சிகளைப் பார்த்தார். "எதுல எறங்கும்?"

"தெரியாது சார். இன்னும் பாக்கல."

பதிலைச் சொல்லியிருந்தால் மனப்பாடம் என்று தள்ளியிருப்பார் என்று நினைக்கிறேன். தெரியாது என்றதும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"வண்டல்தான்" என்றார். "எங்க வூட்லயும் நெலம் இருக்குது."

"செம்மண்ணுங்க ஐயா" என்றார் ஏட்டு.

"உன்னக் கேட்டனா?"

"இல்லீங்க ஐயா. ஆனா செம்மண்ணுதான்."

6

ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீர் ஜீப்பில் இருந்தது. கொட்டாங்குச்சிகளின் கண்ணை நாங்கள் முன்பே குத்தித் திறந்துவைத்திருந்தோம். டீச்சர் ஒரு மூடியால் அளந்து மூன்றிலும் ஒரே அளவு ஊற்றினார். சப்-இன்ஸ்பெக்டர் தானே ஒரு கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், வண்டல். மற்ற இரண்டையும் அஞ்சலை பிடித்தாள். பிள்ளைகள் மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். கரும்புக் கொல்லையும் எட்டிப் பார்த்திருக்கும்.

செம்மண்ணின் அடியில் ஒரு சொட்டு திரண்டு, ஜீப்பின் மேல் விழுந்து சிவப்பாக வழிந்தது. பிறகு இன்னொன்று. வண்டல் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு சொட்டு கொடுத்தது. களிமண் தண்ணீரை மேலேயே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

ஏட்டின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. வரவிடாமல் பிடித்து வைத்திருந்தார். குனிந்து பார்ப்பதற்காக எப்போதோ முனுசாமியின் தோளை விட்டுவிட்டார். அது அவருக்கே நினைவில்லை. முனுசாமி, ஏட்டு விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றார்.

இந்த இடத்தில் கயல் குறுக்கிட்டாள். பேருந்து எங்கள் நிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவர் எதுன்னு நெனச்சாராம்?"

"யாரு?"

"அஞ்சலையோட அப்பா. எந்த மண்ணுன்னு சொன்னார்?"

"அவர யாரும் கேக்கல."

"ஏன்?"

நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தேன். இந்த ஊர் மழை இப்படிப்பட்ட நேரங்களில் எப்போதும் கைகொடுக்கும். அவள் விடவில்லை. மூன்று 'ஏன்' கேட்டாள், மூன்றும் தமிழில். எங்கள் நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி மழையில் திரும்பி நடக்கும்போதுதான் மீதியைச் சொன்னேன்.

7

தோற்றுப்போன சப்-இன்ஸ்பெக்டர் என்ன செய்வாரோ என்று எல்லோருக்கும் பயம். அவர் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், தொப்பியை மாட்டினார். "சரி, போங்க" என்றார். முனுசாமி மம்முட்டியை எடுக்கக் குனிந்தார்.

"நீ எடுக்காத. பெரிய ஆளு எவனும் கையில மம்முட்டியோட இந்த ரோட்ல போகக் கூடாது. வழியில இன்னொரு ஜீப் நிக்குது, அவன் மண்ணெல்லாம் பாத்துக்கினு நிக்க மாட்டான். பசங்க தூக்கட்டும்." அவர் கண் எங்கள் வரிசையில் ஓடி என் மேல் நின்றது. "டேய் குண்டு, நீ தூக்கு."

அப்படித்தான் அது நடந்தது. ஊருக்குள் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ரைஸ் மில்லின் முன்னால் எங்கள் தெருப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மறியல் வாரத்தில் வேறு வேலை இல்லை. முதலில் டீச்சர். பிறகு கொட்டாங்குச்சிகளோடு அஞ்சலை. பிறகு முனுசாமி, வெறுங்கையோடு. அவர் பின்னால் மம்முட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி, வியர்த்து வழிந்துகொண்டு, நான்.

மில் முன்னால் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

அப்பா எழுந்தார். "டேய் பழனிவேலு, இன்னாடா இது கோலம்?"

"போலீஸ் உத்தரவுப்பா."

"இன்னா உத்தரவு?"

முகமெல்லாம் கரும்புத் தோகை கீறிய கோடுகளோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த சித்தப்பா, "ஆமாண்ணே, எஸ்.ஐ. சொன்னாரு, நான் பாத்தேன்" என்றார். சொன்ன பிறகுதான், எங்கேயிருந்து பார்த்தேன் என்று சொல்ல முடியாது என்பது அவருக்கு உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா முனுசாமியிடம் திரும்பினார். "ஏன்டா, நீ கைய வீசிக்கினு வர்ற, எம் புள்ள தூக்கிக்கினு வர்றான். வாங்கக் கூடாதா?"

"வாங்கிக்கலாங்க" என்றார் முனுசாமி, மிகுந்த மரியாதையோடு. "நான் தொட்டா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களாம். ஐயா உத்தரவு." சொல்லிவிட்டு நடந்தார். வேலை இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டினார், தொங்கவிட்டார், கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டார், எங்கள் தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நடப்பது போல. அப்படியே தெருக் கடைசி வரை, எனக்காக வேகத்தைக் குறைக்காமல் நடந்தார்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்தும் அஞ்சலை வரவில்லை. டீச்சர் வாசலையே பார்த்தார். காலி இடங்கள் அந்த வாரம் நிறைய. ஆனால் டீச்சர் பார்த்தது ஒன்றை. முதல் பாடம் பாதியில் முனுசாமி வந்தார். இம்முறை வேலிக்கு வெளியே நிற்கவில்லை. வகுப்பு வாசல் வரை வந்தார். பக்கத்தில் அஞ்சலை, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு.

"டீச்சரம்மா, வரட்டுங்க" என்றார். "போலீஸ்காரன் மின்னாடி நின்னு பேசுதே, அத நான் சொல்லிக் குடுக்கல. ஆனா ஒண்ணு. மம்முட்டிய அது தொடக் கூடாது. பள்ளிக்கூடத்துல அது தொடவே கூடாது."

"சரிங்க" என்றார் டீச்சர். "தொடாது."

முனுசாமி வகுப்பைச் சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார்.

"அந்தத் தம்பிகிட்டயே குடுங்க. நேத்து நல்லாத்தான் தூக்கிக்கினு வந்தாரு."

மரங்களை அகற்றினார்கள், பஸ் வந்தது, தலைமையாசிரியர் வந்தார். ஒப்பந்தம் மட்டும் மாறவில்லை. பத்தாவது முடிகிற வரை அந்தத் தோட்டத்தில் அஞ்சலை நூல் பிடித்தாள், களிமண் பாத்தியில் செம்மண் கலக்கச் சொன்னாள், எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்தாள். நான் வெட்டினேன். கோணலாக இருந்தால் வரப்பில் நின்றபடி, "பழனிவேலு, திரும்ப" என்பாள். திரும்ப வெட்டினேன்.